ஃபிளாஷ் எட்டும் தூரம்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. நீ வாட்ஸாப்பில் அனுப்பின படங்களை எல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். பாதிப் படத்தில் ஆட்கள் பேயறைந்த மாதிரி வெளுத்துப் போயிருக்கிறார்கள், மீதிப் பாதியில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. "கேமராவுக்கு வயசாகிப் போச்சாம்மா?" என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபோனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கையில் இருக்கிற அந்த யாஷிகா எம்எஃப்-2 ஃபிலிம் கேமரா எண்பதுகளின் கடைசியில் அப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது. அப்போது வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் பெட்டியில் டேப் ரெக்கார்டரோடு இப்படி ஒரு கேமராவும் இருக்கும். கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவர் திரும்பிப் போய்விட்டார். அப்புறம் நீ தவழ்ந்தது, உட்கார்ந்தது, மொட்டை போட்டது எல்லாவற்றையும் அவருக்குக் காட்ட வேண்டியவள் நான்தான், வேறு யார் எடுப்பார்கள்? வீட்டுக்குள் ஃபிளாஷ் போட்டு எடுக்கும் வசதி மட்டும் இல்லையென்றால் அந்தப் படங்களில் பாதி இருந்திருக்காது. கேமராவுக்குள்ளேயே எலக்ட்ரானிக் ஃபிளாஷை வைத்துப் பரவலாக விற்றவர்கள் ஜப்பானில் கோனிக்கா கம்பெனிக்காரர்கள், 1975-இல், சி35 இஎஃப் என்ற மாடல். அதற்கு முன்னால் ராத்திரியில் படம் வேண்டுமென்றால் பெரும்பாலும் தனி ஃபிளாஷை மேலே மாட்ட வேண்டும், இல்லை ஒரு தடவை எரிந்ததும் தூக்கிப் போடுகிற பல்பு வாங்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கையில் இருக்கிற கேமராவுக்கு எதிரே நிற்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று தெரியாது. உன் ஃபோன் மாதிரி அது யோசிக்காது. கிட்டே நின்றாலும் எட்டே நின்றாலும் ஒரே அளவு வெளிச்சத்தைத்தான் கக்கும். தூரம் இரண்டு மடங்கானால் மேலே விழுகிற வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். ஐந்தடியில் நிற்பவருக்குக் கிடைப்பதில் கால்வாசிதான் பத்தடியில் நிற்பவருக்கு. ஃபிலிம் டப்பாவில் 100, 400 என்று ஒரு எண் இருக்கும், எண் ஏற ஏற அதற்குக் குறைந்த வெளிச்சமே போதும். 100 ஃபிலிம் போட்டால் பத்தடியோடு கதை முடிந்தது என்று வைத்துக்கொள். 400 போட்டால் அந்தத் தூரம் இரண்டு மடங்காகும், ஏனென்றால் அந்த ஃபிலிமுக்கு நாலில் ஒரு பங்கு வெளிச்சம் போதும். நீ இருக்கிற கிளாஸ்கோவில் டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடுகிறதே, அங்கே 400 தவிர வேறு எதையும் வாங்காதே. கேமராவிலும் எண்ணை 400-க்குத் தள்ளி வைக்க மறந்துவிடாதே.

அப்படியென்றால் எங்கே நிற்க வேண்டும்? ஐந்தடியிலிருந்து எட்டடிக்குள். நாலடிக்குள் போகவே போகாதே, அது ஃபோகஸை மாற்ற முடியாத லென்ஸ், ரொம்பக் கிட்டே போனால் மூக்கும் கண்ணும் கலங்கித்தான் வரும். போதாததற்கு நீ பார்க்கிற ஓட்டை வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு, கிட்டே போகப் போக இரண்டும் ஒத்துவராமல் தலை வெட்டுப்படும். உன் சிநேகிதி பிறந்தநாள் படத்தில் கேக் முழுசாக இருக்கிறது, அவள் நெற்றியைத்தான் காணோம்.

கூட்டமாக எடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். நம் கல்யாண வீட்டு ஆல்பங்களை எடுத்துப் பார், கீழே உட்கார்ந்திருக்கிற குழந்தைகள் வெள்ளைவெளேர் என்றும் பின்வரிசைப் பெரியப்பாக்கள் எல்லாம் கரி பூசின மாதிரியும் இருப்பார்கள். எல்லோரையும் உன்னிடமிருந்து ஒரே தூரத்தில் வருகிற மாதிரி லேசாக வளைத்து நிறுத்து. இடம் இல்லையென்றால் பாதிப் பாதியாக இரண்டு படம் எடு. பின்வரிசைக்காரர்கள் அப்புறம் உன்னைத் திட்டமாட்டார்கள்.

இப்போது அந்த வெளுத்த முகங்கள். இதில் எனக்கு ஃபிலிமைக் கழுவி ஸ்கேன் பண்ணிக் கொடுக்கிற லேப் மேல்தான் சந்தேகம். பின்னால் பெரிய இருட்டு ஹால், நடுவில் சின்னதாக ஒரு முகம் என்றால், மெஷின் மொத்தப் படத்தையும் பார்த்து "ஐயோ, இருட்டாக இருக்கிறதே" என்று எல்லாவற்றையும் ஏற்றிவிடும், முகம் பாழாகும். கலர் நெகட்டிவ் ஃபிலிம் அதிக வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்த வெளிச்சத்தைத்தான் தாங்காது. அதனால் நெகட்டிவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ், வெளிச்சம் பட்ட இடம்தான் கருப்பாக இருக்கும். முகம் இருக்கிற இடம் கருப்பாக, ஆனால் கண் மூக்கு கோடுகளோடு தெரிந்தால் பிழைத்தது. கொஞ்சம் இறக்கி மறுபடி ஸ்கேன் பண்ணிக் கொடுங்கள் என்று கேட்டால் ஆள் திரும்பி வந்துவிடுவார். அந்த இடம் வெறும் ஆரஞ்சுத் தாள் மாதிரி வெறிச்சென்று இருந்தால் வெளிச்சம் அங்கே போகவே இல்லை என்று அர்த்தம், யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

"நெகட்டிவ் வேண்டாம், ஸ்கேன் மட்டும் அனுப்புங்கள்" என்று சொன்னதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. நெகட்டிவ்தானடி படம்! உன் மொட்டைப் படத்தின் பிரிண்ட் எப்போதோ பழுப்பேறிப் போய்விட்டது, நெகட்டிவ் பீரோவில் இருந்ததால்தான் போன வருஷம் புதுசாகப் போட முடிந்தது. உன் பெரிய மாமா ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் இருந்தவர், அந்தக் காலத்து 'இந்து' கருப்பு வெள்ளை ஃபிலிம் அங்கே செய்ததுதான், ஃபாக்டரியே மூடியாயிற்று, அந்த ரோலில் எடுத்த தாத்தா பாட்டி நெகட்டிவ் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. லேபில் போய் உன் நெகட்டிவைக் கேள். இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பார்கள்.

சிவப்புக் கண் பற்றிக் கேட்டாய். ஃபிளாஷ் லென்ஸுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதால் வருவது அது. இருட்டில் கண்பாப்பா விரிந்திருக்கும், வெளிச்சம் நேராக உள்ளே போய் விழித்திரைக்குப் பின்னால் இருக்கிற ரத்தத்தின் நிறத்தோடு அப்படியே திரும்பி வந்துவிடும். அறை விளக்குகளை எல்லாம் போட்டுவிட்டு எடு, பாப்பா சுருங்கிவிடும். இல்லையென்றால் உன் தோளைப் பார்க்கச் சொல். ராத்திரியில் ஜன்னல் கண்ணாடிக்கு முன்னால் யாரையும் நேராக நிறுத்தாதே, ஃபிளாஷ் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, பின்னால் ஒரு வெள்ளைக் குண்டு வெடித்திருக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி நின்று எடுத்தால் அது வேறு பக்கம் போய்விடும். நம் வீட்டுச் சாமி படங்களை இப்படிச் சாய்ந்து நின்றுதான் எடுப்பேன். முகத்தில் எண்ணெய் வழிந்தால் துடைத்துவிட்டு வரச் சொல், ஃபிளாஷில் அது அப்படியே பளபளக்கும்.

பகலில் ஃபிளாஷ் எதற்கு என்று நினைக்காதே. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தால் ஃபிளாஷைப் போடு, முகம் தெளிந்து வரும். எனக்குப் பிடித்த படங்கள் எல்லாம் அப்படி எடுத்தவைதான். இப்போதைய பிள்ளைகளுக்கு மூஞ்சியில் அடித்த மாதிரி ஃபிளாஷும் பின்னால் கும்மிருட்டும்தான் ஃபேஷனாம், நீ அனுப்பினதில் இரண்டு அந்த மாதிரி இருந்தது. எனக்கு அது திருடனைப் பிடித்து எடுத்த படம் மாதிரிதான் தெரிகிறது. உன் இஷ்டம்.

இன்னும் சில. ஃபிளாஷ் ஸ்விட்ச் போட்டதும் ங்ஙீ என்று ஒரு சத்தம் ஏறுமே, அது ஃபிளாஷுக்கு மின்சாரம் சேர்த்து வைக்கிற கெபாசிட்டர் நிறைகிற சத்தம். சின்ன விளக்கு எரிந்த உடனே அமுக்கிவிடாதே, முழுசாக நிறைவதற்கு முன்பே அது எரிய ஆரம்பித்துவிடும், நாலைந்து எண்ணிவிட்டு அமுக்கு. ரொம்ப நாள் சும்மா கிடந்திருந்தால் ரோல் போடுவதற்கு முன்னால் ஃபிளாஷைச் சும்மாவே சில தடவை அடித்துப் பார். படம் எடுக்காத மாசங்களில் பேட்டரியைக் கழற்றி வை. கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து நன்றாகக் காயவிடு. ரோல் மாட்டின பிறகு சுற்றும்போது இடது பக்கத்துக் கைப்பிடியும் சேர்ந்து சுற்றுகிறதா என்று பார், சுற்றாவிட்டால் ஃபிலிம் மாட்டிக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு வரும்போது ஏர்போர்ட்டில் ரோலைத் தனிப் பையில் எடுத்துக் கையில் கொடுத்துச் சோதிக்கச் சொல், பையைச் சோதிக்கிற புது சிடி எக்ஸ்ரே ஸ்கேனர்கள் ஃபிலிமைக் கெடுத்துவிடும்.

உன்னோடு தங்கியிருக்கிற அந்தப் பெண் ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கழற்றிப் பார்க்கலாம் என்கிறாளாமே, தயவுசெய்து கொடுக்காதே. இரண்டு சின்ன பேட்டரிதானே என்று நினைப்பாள், உள்ளே அந்தக் கெபாசிட்டர் முந்நூறு வோல்ட் வரை ஏறி நிற்கும், பேட்டரியை எடுத்த பிறகும் உடனே இறங்காது. பக்கத்துத் தெரு ரேடியோ கடை அண்ணன் அதில் கைவைத்து ஸ்டூலோடு விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஏதாவது ஓடவில்லை என்றால் அப்படியே கொண்டுவா, கோயம்புத்தூரில் காட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா