எலும்புத்தூள் எதிலிருந்து வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈறு நோயால் பல்லைச் சுற்றியுள்ள எலும்பு கரைந்தவர்களுக்கு எலும்புத்தூள் வைத்துச் சிகிச்சை செய்வது காரைக்குடிப் பக்கமும் வந்துவிட்டது. அத்தூள் மாட்டெலும்பிலிருந்து எடுக்கப்பட்டதாகவும் இருக்கலாம், ஹைட்ராக்ஸிஅபடைட், பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் போன்ற செயற்கைப் பொருளாகவும் இருக்கலாம் என்பதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. என் தாயாருக்குக் கொடுத்த ரசீதில் 'எலும்பு கிராஃப்ட்' (எலும்பு ஒட்டு) என்று மட்டுமே இருந்தது. சைவ உணவுக் குடும்பங்கள் பல உள்ள செட்டிநாட்டில் இது சின்ன விஷயமன்று.

செயற்கைத் தூளிலும் பீட்டா வகை மெல்லக் கரைந்து புது எலும்புக்கு இடம் விடும்; ஹைட்ராக்ஸிஅபடைட் பல ஆண்டுகள் தங்கும். இரண்டும் கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போன்றவையே, எலும்பை வளர்ப்பது உடல்தான். எலும்பு கரைந்த இடத்தில் ஆழமான, குறுகிய குழி இருந்தால் பலன் கிடைக்கும். குழி விழாமல் எலும்பு ஒரே மட்டமாகத் தேய்ந்திருந்தால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

பொருளின் பெயரையும் மூலத்தையும் ஒப்புதல் படிவத்தில் தமிழில் எழுதித் தருவதைப் பல் மருத்துவர்கள் வழக்கமாக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தேவகோட்டை.