கை வரைந்ததும் கணினி வரைந்ததும்

அன்புள்ள சரவணா,

நலமா? உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை இருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது நன்றாகத் தெரிகிறதாம், காலையில் பேப்பரைக் கையில் எடுத்தால் கீழே வைப்பதில்லை. உன் பையன் பத்தாம் வகுப்பு தேறியதைக் கேட்டு அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கணினியில் உருவாக்கும் சிஜி வந்ததோடு, ஜப்பானிய அனிமேஷனான அனிமே செத்துப் போச்சு என்று எழுதியிருந்தாய். பல வருஷமாக நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2016இல் சிஜியில் வந்த 'பெர்சர்க்' தொடரைப் பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது, கென்டாரோ மியூரா தன் மங்காவில், அதாவது மூலப் படக்கதையில், ஒவ்வொரு கோடாக இழைத்திருந்த அந்த முகங்கள் எங்கே, விறைத்துப் போய் நடக்கும் இந்தப் பொம்மைகள் எங்கே!

என் எண்ணத்தை மாற்றியது 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்'. 2022இல் வந்த கூடைப்பந்துப் படம், அதன் மூல மங்காவை வரைந்த தகேஹிகோ இனோவேயே இயக்கியது. தொடக்கத்தைக் கவனித்துப் பார். வெற்றுத் திரையில் ஒரு பென்சில் கோடு ஓடுகிறது, தோள் வருகிறது, முகம் வருகிறது, அப்படியே ஒரு ஆட்டக்காரன் முழுசாக உருவாகி நம்மை நோக்கி நடக்க ஆரம்பிக்கிறான், பின்னாலேயே அடுத்தவன், இப்படி ஐந்து பேர். அப்புறம் வரும் ஆட்டம் பெரும்பாலும் சிஜிதான், ஆனால் இனோவே விடவில்லை, கணினியில் வந்த முகங்கள் மேல் தானே திரும்பத் திரும்பத் திருத்தி வரைந்து கொடுத்திருக்கிறார். கையால் வரைந்த விளையாட்டுத் தொடர்களில் பந்து வைத்திருப்பவன் அசைவான், மற்றவர்கள் பாதி நேரம் சிலை மாதிரி நிற்பார்கள், அத்தனை பேரையும் வரைய ஆளும் நேரமும் கிடையாது. இதில் பந்து கையில் இல்லாதவனும் ஓடுகிறான், எதிராளியை மறிக்கிறான், மூச்சு வாங்குகிறான். கூடைப்பந்து அப்படித்தானே இருக்கும்?

பிறகு ஏன் மற்ற பல சிஜி தொடர்கள் நம் கண்ணை உறுத்துகின்றன என்று கேட்பாய். திரையில் நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது ஃப்ரேம்கள், ஓடினாலும், கையால் வரையும் அனிமேயில் வரைந்த ஒரே படத்தை இரண்டு மூன்று ஃப்ரேமுக்கு நிறுத்தி வைப்பார்கள், அதாவது நொடிக்கு 12 படம், சில இடங்களில் 8தான். அந்தச் சின்னத் தடுக்கலுக்கு நம் கண் பழகிவிட்டது. கணினி 24 ஃப்ரேமையும் நிரப்பி வழவழவென்று ஓட்டும்போது கால் தரையில் பதியாத மாதிரி, உடம்பில் கனமே இல்லாத மாதிரி தோன்றுகிறது. இதைப் புரிந்துகொண்டவர்கள் சிஜியிலும் ஃப்ரேம்களைக் குறைத்து, எந்த நிலையில் ஒரு கணம் நிறுத்துவது என்று கையாலேயே முடிவு செய்கிறார்கள். ஆரஞ்ச் ஸ்டுடியோ 2017இல் எடுத்த 'ஹௌசெகி நோ குனி'யைப் பார், ரத்தினக் கற்களே மனிதர்களாக வரும் கதை, ஒளி பட்டு அவர்கள் தலைமுடி மின்னும் அழகைக் கையால் அத்தனை ஃப்ரேமிலும் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம்.

ஆனாலும் ஒரு இடத்தில் நான் உன் பக்கம்தான். ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'தி விண்ட் ரைசஸ்' படத்தில் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜனக்கூட்டம் நெருக்கியடித்து நகரும் காட்சி ஒன்று வரும். நான்கே நொடி. அதை வரைய அனிமேட்டர் எய்ஜி யமமோரிக்கு ஒரு வருஷமும் மூன்று மாதமும் ஆனது. நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், ஒருவர் மாதிரி இன்னொருவர் நகரவில்லை, அவரவர் அவசரம் அவரவருக்கு. கணினியிலும் கூட்டம் வரும், இந்த அவசரம் வருமா என்று தெரியவில்லை. மியாசாகி கணினியைத் தொடாதவரும் இல்லை, 1997இல் 'பிரின்சஸ் மோனோனோகே'வில் சில நிமிடங்களுக்கு சிஜி உண்டு. அதன் பிறகுதான் 2008இல் 'பொன்யோ'வுக்கு எல்லாமே பென்சில் என்று முடிவு செய்து, அலை அலையாக அந்தக் கடலைக் கையாலேயே வரைய வைத்தார், மொத்தம் சுமார் 1,70,000 படங்கள்!

இதில் எனக்கு மனசு கேட்காத விஷயம் ஒன்று உண்டு. அசைவின் முக்கிய நிலையைக் காட்டும் ஒரு கீ ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வரும் படங்களை வரைகிறவர்களுக்கு, பெரும்பாலும் தாளுக்கு இவ்வளவு என்றுதான் கூலி, அதுவும் சொற்பம். விடிய விடிய வரைந்தும் வாடகை கட்ட முடியாமல் எத்தனையோ இளம் கலைஞர்கள் இந்தத் தொழிலை விட்டுப் போகிறார்கள். கை வரைந்ததுதான் வேண்டும் என்று நீயும் நானும் கேட்கிறோம், அந்தக் கைகளுக்கு ஒழுங்கான சம்பளம் வேண்டும் என்றும் சேர்த்தே கேட்கவேண்டும் இல்லையா?

ஒன்பதாம் வகுப்பில் புவியியல் நோட்டின் ஓரத்தில் நாம் பந்து வீச்சாளரை வரைந்தது ஞாபகம் இருக்கிறதா? அவர் ஓட ஆரம்பிப்பதையும் பந்தை விடுவதையும் நான் வரைந்தேன், நடுவில் இருந்த முப்பது நாற்பது பக்கத்தையும் நீதான் வரைந்தாய். வேகமாகப் புரட்டினால் அவர் இடது கால் மட்டும் கொஞ்சம் நடுங்கும். அந்த நோட்டு உன் வீட்டுப் பரணில்தான் இருக்கவேண்டும், இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது தேடி எடுத்து வா.

அன்புடன்,
குமார்