சுவரைப் பார்த்து நிற்கும் கல்

மதிப்பிற்குரிய பேரூராட்சித் தலைவர், செயல் அலுவலர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வாறுகால் வேலைக்காகப் பஜார் முக்கிலிருந்து பெயர்த்தெடுத்த, போரில் உயிரைக் கொடுத்த நம் ஊர்ப் படைவீரர்களின் நினைவுக்கல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தக் கல் என்று உங்களுக்குத் தெரியும். தினமும் அதன் பக்கத்தில்தான் வண்டியை நிறுத்துகிறீர்கள். வேலை முடிந்து 14 மாதம் ஆகிறது. கல் இன்னும் அலுவலகக் காம்பவுண்டுக்குள், பிளீச்சிங் பவுடர் மூட்டைக்கும் குப்பை வண்டிக்கும் நடுவில், எழுத்துள்ள பக்கம் உள்ளே போகும்படி சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதை எடுத்துப் பழைய இடத்தில் நட்டுக் கொடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

போன டிசம்பர் 16 அன்று நடந்ததைச் சொல்கிறேன். 1971 போரில் வீட்டுக்காரரைப் பறிகொடுத்த ஆச்சி, வருடம் தவறாமல் அன்றைக்குப் பிச்சிப்பூச் சரத்தோடு வருவார். எழுதப் படிக்கத் தெரியாது. மேலிருந்து நாலாவது வரி என்பதுதான் அவருக்கு அடையாளம். விரலால் எண்ணி, அந்த வரியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பூவைப் போடுவார். இந்த முறை குப்பை வண்டியைச் சுற்றிப் போய், கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுத் தேடினார். மேலே போகப் போகச் சந்து குறுகல். நாலாவது வரி வரைக்கும் கை ஏறவில்லை. புறங்கை சிராய்த்ததுதான் மிச்சம்.

"ஏன்யா, தப்புப் பண்ணுன புள்ளையள மாதிரி சொவத்தப் பாக்க நிறுத்தி வச்சிருக்கிய?" என்று கேட்டார்.

"ஆபீசர் மீட்டிங் போயிருக்காவ, ஆச்சி" என்று பதில் வந்தது. பூவைக் கல்லின் முதுகில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் போர் டிசம்பர் 3-இல் தொடங்கி 16-இல் முடிந்தது. 13 நாள். ஒரு கல்லை நட நமக்கு 14 மாதம் போதவில்லை. சரி, நிதி இல்லை என்றால்கூட நம்பலாம். பஸ் ஸ்டாண்டு வாசலில் 'ஐ லவ்' போட்டு ஊர்ப் பெயர் எழுதிய செல்ஃபி மேடை மட்டும் மூன்றே வாரத்தில் எழும்பிவிட்டதே, கலர் லைட்டோடு!

முதல் உலகப் போருக்கு ஆள் அனுப்பிய தமிழ்நாட்டு ஊர்கள் சிலவற்றில் வெள்ளைக்காரன் பதித்த கல்லை இன்றும் பார்க்கலாம். இந்த ஊரிலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கை இருக்கும். பெயர் இருக்காது. நம் ஊர்க் கல்லில் 1962-லிருந்து கார்கில் வரை பெயர் பெயராக வெட்டியிருக்கிறோம். வெட்டிவிட்டு இப்படி மறைத்து வைப்பதற்கு, அவன் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டதே தேவலை.

டிசம்பர் 7 கொடிநாள் உண்டியல் மட்டும் தேதி தவறாமல் வந்துவிடுகிறது. நானும் மெட்ராஸ் ரெஜிமெண்டில் 17 வருடம் குப்பை கொட்டியவன்தான், முடிந்ததைப் போடுகிறேன். எழுத எழுதக் கோபம் மிஞ்சிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஜனவரி 26 அன்று நீங்கள் கொடியேற்றும் கம்பத்துக்கும் அந்தக் கல்லுக்கும் இருபது அடிகூட இருக்காது. அதற்கு முன்னால் கல்லைப் பழைய இடத்தில் நட உத்தரவு போடும்படி தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். சிமெண்டுச் செலவும் கொத்தனார் கூலியும் முன்னாள் படைவீரர்கள் நாங்களே போட்டுக்கொள்கிறோம். அதுவரைக்கும் கல்லைத் திருப்பியாவது வையுங்கள். நாலு பேர் பிடித்தால் ஐந்து நிமிட வேலை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்