எங்கள் குசினிச் சுவருக்குக் கரி பூசிய தம்பிமாருக்கு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் குறும்படம் எடுக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு,

போன வருசம் உங்களில் ஒரு குழு எங்கள் வீட்டில் படம் எடுத்தது. யாரென்று எழுதமாட்டேன். மண்முனைப் பாலம் கடந்து உள்ளே வருகிற, மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஊர் ஒன்று, அவ்வளவு போதும். "ஏழை வீடு ஒண்டு வேணும் அக்கா, ஒரு நாள் மட்டும்தான்" என்று கேட்டார்கள். மரியாதையான பிள்ளைகள். அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா.

அப்புறம்தான் தெரிந்தது, எங்கள் வீடு அவர்களுக்குக் காணாது. ஏழ்மை காணாது. பிளாஸ்டிக் கதிரைகளைப் பின்வளவுக்குத் தூக்கினார்கள். டிவியைச் சீலையால் மூடிப் பார்த்துவிட்டு, அதையும் தூக்கினார்கள். பல்பைக் கழற்றிவிட்டுக் குப்பி விளக்கு கேட்டார்கள். எங்களிடம் இல்லை. பக்கத்து வளவிலும் இல்லை. கடைசியில் ஒரு தம்பி ஜாம் போத்தல் மூடியில் துளை போட்டுத் திரி விட்டு ஒன்று செய்தார். எண்ணெய்க்கு மோட்டார் சைக்கிளில் ஆள் போனது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியதை மறந்துவிட்டீர்களா? அதற்குப் பிறகு எந்த ஏழை குப்பி விளக்குக் கொளுத்தினான்?

பொங்கலுக்கு நான் வெள்ளையடித்த குசினிச் சுவரில் கரி பூசினார்கள். அம்மாவின் கொண்டையை அவிழ்த்து, மூலையில் இருத்தி, நாடிக்குக் கீழே லைட் பிடித்தார்கள். மத்தியானம் எல்லோருக்கும் பார்சல் வந்தது, எங்களுக்கும் இரண்டு. குறை சொல்லவில்லை, மீன் நல்ல மீன்.

படத்தை நாங்கள் போனில்தான் பார்த்தோம். டவுனில் திரையிட்டபோது ஒருவரும் கூப்பிடவில்லை. அறுகம்பைக் கடற்கரையிலிருந்து திரும்புகிற வசதியான குடும்பம் ஒன்று வழி தவறி எங்கள் ஊருக்குள் வருகிறது. கார் பழுது. கிழவி ஒருத்தி படுக்க இடம் கொடுக்கிறாள். விடியும்போது அவர்களில் ஒருவரும் இல்லை, கிழவியின் கையில் பிள்ளையின் கொலுசு. இதற்குப் போஸ்டரில் "வர்க்க இடைவெளியின் இருண்ட முகம்" என்று போட்டிருந்தது. அம்மா போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டா: "இது ஆருகா?"

இருண்ட படம் எடுக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பயமுறுத்துங்கள், வயிற்றைக் கலக்குங்கள். ஆனால் காரில் வந்தவர்கள் அப்பாவிகள், பாய் விரித்துப் படுக்கவிட்டவள் பேய் என்றால், அது எந்தப் பக்கத்தில் நின்று எடுத்த படம்?

கல்லடியில் படிக்கிற என் மருமகன் லப்டொப்பில் இரண்டு படம் காட்டினான். ஒன்று கொலம்பியாவில் லூயிஸ் ஓஸ்பினாவும் கார்லோஸ் மயோலோவும் 1978இல் எடுத்த 'அகர்ராண்டோ புவெப்லோ'. அரை மணித்தியாலம்கூட இல்லை. ஐரோப்பிய டிவிக்கு விற்பதற்காக ஒரு குழு தெருவில் ஏழைகளைத் துரத்தித் துரத்திப் படம் பிடிக்கிறது. கடைசியில் ஒரு குடிசை முன்னால் நடிகர்களை நிறுத்தி ஏழைக் குடும்பமாக்குகிறார்கள். குடிசைக்காரன் வந்துவிடுகிறான். கொடுத்த காசால் பின்புறத்தைத் துடைத்துக் காட்டி, கத்தியோடு விரட்டி, படச்சுருளை இழுத்து நாசமாக்குகிறான். அம்மா அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தா. "எங்கட கத்தியும் குசினிக்கதானே கிடந்தது" என்றா.

மற்றது பிரேசிலில் ஜோர்ஜே ஃபுர்ட்டாடோ 1989இல் எடுத்த 'இல்லா தாஸ் ஃபுளோரெஸ்'. பதின்மூன்று நிமிசம். ஒரு தக்காளிப் பழத்தின் பின்னாலேயே போகிறது. தோட்டம், கடை, ஒரு வீட்டுக் குசினி, குப்பைக் கூடை, குப்பைமேடு. பாடப் புத்தகம் வாசிக்கிற மாதிரி ஒரு குரல். மேட்டில் முதலில் பன்றிகளுக்குப் பொறுக்குகிறார்கள். பன்றிக்கு ஆகாது என்று ஒதுக்கியதை எடுக்கத்தான் பெண்களையும் பிள்ளைகளையும் விடுகிறார்கள், பத்துப் பத்துப் பேராக, ஐந்து ஐந்து நிமிசம். அந்தக் குரல் கடைசிவரை அப்படியே நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறது. எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை. பேயும் இல்லை, கரியும் இல்லை, வரிசையில் யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்று காட்டினார், அவ்வளவுதான்.

அந்த மாதிரி வரிசை எங்கள் வீட்டு விறாந்தையிலும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நுண்கடன் கம்பனியின் லோன் கூட்டம். பன்னிரண்டு பெண்கள் பாயில் இருப்போம். கட்டுக்காசு சேர்க்க வருகிற லோன் தம்பி கதிரையில். ஒருத்தி வரவில்லை என்றால் அவளுடைய கட்டுக்காசை மற்றவர்கள் போட வேண்டும், அதுதான் குழுக்கடன். அவர் சத்தம் போடமாட்டார். போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நாங்கள் படலையைப் பார்ப்போம். பதினொன்றாகும், பன்னிரண்டாகும். உலையில் அரிசி போடவில்லை என்று ஒருத்திக்கு ஞாபகம் வரும், எழும்பமாட்டாள். பிறகு யாரோ ஒருத்தியின் கை தானாகக் காதுக்குப் போகும், தோட்டைத் திருகத் தொடங்கும். அந்தச் சுரை கழலுகிற நேரத்தை நீங்கள் வெட்டாமல் எடுத்தீர்களென்றால், உங்கள் கிழவியும் கொலுசும் எந்த மூலைக்கு?

லோன் தம்பியையும் பேயாக்க வேண்டாம். ஏஎல் பரீட்சை பாஸ் பண்ணிய பக்கத்து ஊர்ப் பிள்ளை. தலையில் டார்கெட். ஓடி வருகிற மோட்டார் சைக்கிளே லீசிங்.

2018இல் வறட்சி பாதித்த பன்னிரண்டு மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. எங்கள் இரண்டு மாவட்டமும் அதில் இருந்தன. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் விட்ட கடனுக்குத்தான் அந்தச் சலுகை. தாலிக்கொடியை அடகு வைத்து ஒரு கிழமை தப்பாமல் கட்டியவளுக்கு ஒன்றும் இல்லை. இதைவிட இருண்ட கதையை நீங்கள் எங்கே போய்த் தேடுகிறீர்கள்?

அம்மாவின் அப்பா முல்லைக்காரனாக, அதாவது போடியார் என்கிற வயற்சொந்தக்காரரிடம் வயல் வேலை செய்கிறவராக இருந்தவர். சாப்பாட்டுக்கு முன்கூட்டி வாங்கிய நெல்லைப் போடியார் களத்திலேயே வட்டியோடு அளந்து எடுப்பாராம். மிச்சத்தைத் தலையில் சுமந்து வரலாம், வண்டில் தேவைப்படாது என்று அம்மா சொல்லுவா. ஆனால் போடியாருக்கு ஒரு முகம் இருந்தது, திட்டுவதற்கு ஒரு வாசல் இருந்தது. இப்போது எங்களிடம் இருப்பது ஒரு ஹொட்லைன் நம்பர். முகமில்லாத அதை எப்படிப் படமாக்குவது என்று எனக்குத் தெரியாது. அது உங்கள் தொழில், நான் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எடுத்த படத்தை எடுத்த ஊரில் போடுங்கள். இங்கே வடமோடிக் கூத்து ஆடினாலும் தென்மோடிக் கூத்து ஆடினாலும் களரியைச் சுற்றி ஊரே இருக்கும். பிழை விட்டால் விடியும் முன்னே கூத்துப் பழக்கிய அண்ணாவியார் காதுக்குப் போய்விடும். பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் போடுங்கள், சனம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். வீட்டுக்கு வாடகை கொடுங்கள், நடித்த கிழவிக்கும் சம்பளம் கொடுங்கள். பூசிய கரிக்குச் சுண்ணாம்பு நீங்களே வாங்கி வாருங்கள். எங்கள் சுவரில் அது இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

மருமகனும் இப்போது படம் எடுக்கப் போகிறானாம். உங்களில் யாரும் சேர்ந்து வருகிறதென்றால் செவ்வாய்க்கிழமை வாருங்கள், பத்து மணிக்கு முன்னமே. கதிரைகளைத் தூக்க வேண்டாம். லோன் தம்பிக்கு ஒன்று வேணும்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை