மெற்போமின் எடுப்போரின் பி12 அளவையும் பாருங்கள்: ஒரு திறந்த மடல்

திருகோணமலைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், மாவட்டத்தின் நீரிழிவுக் கிளினிக்குகளில் பணியாற்றும் வைத்தியர்களுக்கும்,

வணக்கம்.

என் அம்மாவுக்கு 67 வயது. பதினொரு வருடங்களாகச் சீனி வருத்தத்துக்கு மெற்போமின் குளிசையை, காலையில் 1000, இரவில் 1000 மில்லிகிராமாக எடுத்து வருகிறார். இரண்டு வருடங்களுக்கு முன்பு கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் ஒரு காற்செருப்பு கழன்று போனதை அறியாமல், சுடுகின்ற தார் வீதியில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். பின்னால் வந்த ஒருவர் செருப்பை எடுத்துக் கொடுத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கிளினிக் ஒன்றில் அதைச் சொன்னபோது, சீனியால் வருகிற நரம்புப் பாதிப்பு என்று பதில் கிடைத்தது. சீனி நன்றாகக் கட்டுப்பட்டிருக்கும் ஒருவருக்குக் கால் ஏன் இவ்வளவு விரைவாக விறைக்கிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அது இன்றும் என்னை வருத்துகிறது. ஒன்றரை வருடம் கழித்து வேறொரு வைத்தியர், நரம்புக்கும் இரத்தத்துக்கும் தேவையான விற்றமின் பி12 உடலில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனைக்கு எழுதினார். ஒரு மில்லிலீற்றருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தாலே பொதுவாகக் குறைபாடு எனக் கொள்ளப்படும் நிலையில், அம்மாவின் அளவு 140 ஆக இருந்தது. ஊசி போடத் தொடங்கிச் சில மாதங்களில் எரிவு தணிந்தது, நடையும் சீராயிற்று. விரல் நுனிகளின் விறைப்பு மட்டும் போகவில்லை.

மெற்போமினைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அது மலிவான, நல்ல மருந்து. இதை வாசிக்கும் எவரும் தாமாக அதை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் நீண்ட காலம் அதை எடுப்பவர்களுக்குப் பி12 குறையலாம் என்பது 1971ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் வெளியான செய்தி. பிரித்தானியாவின் மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் 2022 ஜூனில், இது அடிக்கடி காணப்படும் பக்கவிளைவு என்றும், அறிகுறி உள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றும் அறிவித்தது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதற்குக் கல்சியம் தேவை. அந்த வேலைக்கு மெற்போமின் இடையூறு செய்கிறது என்பதே பெரிதும் சொல்லப்படும் விளக்கம். ஈரலில் சேமித்து வைத்த பி12 சில வருடங்களுக்குப் போதுமென்பதால் குறைபாடு மெல்ல மெல்லவே வெளிப்படுகிறது. அது வெளிப்படும்போது காலெரிவும் விறைப்புமாக வருவதால், நீரிழிவின் நரம்புப் பாதிப்பிலிருந்து அதை வெறுமனே பார்த்துப் பிரித்தறிய முடிவதில்லை.

பி12 மீனிலிருந்து கிடைக்கிறது. எங்கள் ஊரில் மீன் இல்லாத வீடு குறைவு, ஆகவே இந்தக் குறை இங்கே வராது என்று நினைக்கத் தோன்றும். உறிஞ்சும் இடத்திலேயே தடை இருப்பதால் சூரையும் பாரையும் உண்பவருக்கும் அது வரலாம். என் அம்மாவைப் போலக் கணவரை இழந்த பின் மச்சத்தை முழுதாக விட்டவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். முருங்கையிலையும் வல்லாரையும் உடம்புக்கு நல்லவைதான், ஆனால் அவற்றிலிருந்து பி12 கிடைக்காது. சைவ உணவுக்காரருக்குப் பாலும் தயிருமே வழி. வயிற்றெரிவுக்கு ஒமெப்பிரசோல் எடுப்பவர்களுக்கும் உறிஞ்சுதல் மேலும் குறையும்.

எல்லோருக்கும் ஒரே நாளில் பரிசோதனை செய்யப் பணமும் வசதியும் போதாது என்பதை அறிவேன். அதனால் நான்கு வருடங்களுக்கு மேல் மெற்போமின் எடுப்பவர்கள், கைகால் விறைப்போ சோகையோ உள்ளவர்கள், மச்சம் உண்ணாதவர்கள், முதியவர்கள் ஆகியோரிலிருந்து தொடங்குங்கள். சாதாரண இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்ப வேண்டாம். சோகை தோன்றாமலே நரம்பு கெடுவதுண்டு. வெருகல், ஈச்சிலம்பற்று, புல்மோட்டைப் பக்கத்து நோயாளர்களைப் பேருந்தில் நகரத்துக்கு அலைய வைக்காமல், குறித்த ஒரு நாளில் அங்கேயே இரத்தம் எடுத்து அனுப்பும் ஒழுங்கு செய்தால் பெரிய உதவியாக இருக்கும். பி12 ஊசி கிளினிக்கிலேயே கையிருப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மக்கள் பாமசியில் பி12 கலந்த "நரம்புக் குளிசை" வாங்கி விழுங்குகிறார்கள். அதன் பின் எடுக்கும் பரிசோதனை உண்மை நிலையைக் காட்டாமல் போகலாம். பி12 குறைந்திருப்பவருக்குச் சோகைக்குக் கொடுக்கும் இன்னொரு விற்றமினான ஃபோலிக் அமிலத்தை (folic acid) மட்டும் கொடுத்தால் சோகை தீர்ந்தது போலிருக்கும், நரம்புச் சிதைவோ தொடரும்.

கிளினிக் கொப்பியில் சீனிக்கும் பிரஷருக்கும் கட்டம் இருப்பது போல, மெற்போமின் தொடங்கிய வருடத்துக்கும் கடைசியாகப் பி12 பார்த்த திகதிக்கும் ஒரு வரி சேர்க்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கொப்பி அச்சாகும் வரை, இப்போதுள்ள கொப்பியின் முதற்பக்கத்தில் பேனையால் எழுதினாலும் போதும்.

இங்ஙனம்,
நீரிழிவு நோயாளி ஒருவரின் மகள்,
உப்புவெளி, திருகோணமலை.