ஊர்க்கிணறும் துவைகல்லும்: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் நம் பள்ளியில் சத்துணவு வேகுவதும் பிள்ளைகள் குடிப்பதும் ஊர்க்கிணற்றுத் தண்ணீரில்தான். ஐப்பசி மழை மேல்மலையில் பிடிப்பதற்குள் அந்தக் கிணற்று மேடையின் விரிசலைச் சரிசெய்தாக வேண்டும். வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள்.

பிளீச்சிங் பவுடர் போட்டால் போதாதா என்று சிலர் கேட்டீர்கள். போதாது. கிணற்று மேடையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். வாய்க்காலுக்கு ஓட வேண்டியது துவைகல் பக்கம் தேங்கி, விரிசலில் இறங்குகிறது. துணி அலசிய தண்ணீரும் அதே வழியில்தான் உள்ளே போகிறது. விரிசலை மேலாகப் பூசினால் உரிந்துவிடும்; கொத்தி அகலமாக்கி, தூசி தட்டி, நனைத்த பிறகு 1 பங்கு சிமெண்ட், 3 பங்கு மணல் கலவையால் அடைக்க வேண்டும். ஈரச்சாக்கு 7 நாள் கிடக்கட்டும்.

மேலே குடிக்க, கீழே துவைக்க, அதற்கும் கீழே மாட்டுக்கு என்று சரிவு பார்த்து வைத்த பெரியவர்கள் கணக்கே சரி. துவைகல் கிணற்றடிக்கு ஏறியது பிற்பாடுதான். அதைச் சரிவின் கீழே, 15 மீட்டராவது தள்ளிப் போடுவோம்.

பிளீச்சிங் பவுடர் மருந்து போடுவது அதற்குப் பிறகு, தண்ணீர் தெளிந்த ஒரு மாலையில். கலங்கலில் போட்டால் சேறே மருந்தைத் தின்றுவிடும். விட்டம் 2 மீட்டர், நீர் 3 மீட்டர் என்றால் 2×2×3×0.785 = 9.42 கன மீட்டர், அதாவது சுமார் 9,420 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 24 கிராம் போதும். பொட்டலம் புதிதாக இருக்கட்டும், காற்றுப்பட்டதில் வீரியம் இருக்காது. பவுடரைக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீரில் கலக்கி, 10 நிமிடம் தெளியவிட்டு, தெளிவை மட்டும் வேறு வாளியில் இறுத்துக் கிணற்றுக்குள் இறக்குங்கள். நீருக்குள் வாளியை மேலும் கீழும் வேகமாக ஆட்டினால்தான் அடிவரை கலக்கும். வண்டலாக நிற்கும் சுண்ணாம்பை ஊற்றினால் தண்ணீர் கடுத்து, பருப்பு வேகாது. ஒரு மணி நேரமாவது இறைக்கக் கூடாது. விடியும்வரை விட்டால் நல்லது.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: பூண்டுக்கும் உருளைக்கும் மருந்தடித்த டேங்கை இனி கிணற்றடியில் கழுவாதீர்கள். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், பூச்சிமருந்தை எடுக்காது.

மண்வெட்டி, உளி, சுத்தியல், பழைய சாக்கு கொண்டு வாருங்கள். அடியில் கெட்ட காற்று நிற்கக்கூடும் என்பதால் கிணற்றுக்குள் யாரும் இறங்க வேண்டாம். பிள்ளைகளை அன்று கூட்டி வராதீர்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்