முதலில் நகலெடுங்கள், பிறகு பழுது பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வன்தட்டில் பிழை இருப்பதாகச் சில முறை எச்சரித்துவிட்டு, பிறகு இயங்கவே மறுக்கும் கணினியை என்ன செய்வது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்விக்குத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் வெளியான பதிலைப் படித்தேன். மீட்புத் திரைக்குச் சென்று, தட்டுப் பிழைகளைத் தேடிச் சரிசெய்யும் செக்டிஸ்க் கட்டளையை ‘ஆர்’ என்ற தெரிவோடு ஓடவிட வேண்டும், அதிலும் சரியாகவில்லையென்றால் விண்டோஸை மறுபடி நிறுவிவிட வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. கட்டளையில் பிழை இல்லை. அதை முதல் வேலையாகச் செய்யச் சொன்னதுதான் பிழை. கணினி பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்பதால், இந்த வரிசையைப் பின்பற்றியதாலேயே கோப்புகளை இழந்தவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

தட்டுப் பிழை என்று திரையில் ஒரே மாதிரி தெரிவது உண்மையில் இரண்டு வேறு கோளாறுகளாக இருக்கலாம். திடீரென்று மின்சாரம் போனாலோ, கணினியை வலுக்கட்டாயமாக அணைத்தாலோ, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் அமைப்பு மட்டும் குழம்பிப்போகும். தட்டு நலமாகவே இருக்கும். விண்டோஸில் செக்டிஸ்க்கும், இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் எஃப்எஸ்சிகேயும் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே உருவானவை. அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. ஆனால் தட்டின் காந்தப் பரப்போ, அதைப் படிக்கும் முனையோ பழுதாகத் தொடங்கியிருந்தால் நிலைமை வேறு. ‘ஆர்’ தெரிவு, சோதிக்கப்படும் தட்டுப் பிரிவில் உள்ள ஒவ்வொரு செக்டாரையும், அதாவது தகவல் எழுதப்படும் ஒவ்வொரு சிறு கட்டத்தையும், காலியாகக் கிடப்பவற்றையும் சேர்த்து, படித்துப் பார்க்கிறது. படிக்க முடியாத இடத்தில் தட்டு தானாகவே திரும்பத் திரும்ப முயல்வதால், பல மணி நேரம் ஒரே விழுக்காட்டில் நின்றுவிடுவதும் உண்டு. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருக்கும் தட்டுக்கு இதைவிடக் கடுமையான சுமை இல்லை. அதோடு, செக்டிஸ்க்கின் நோக்கம் கோப்பு அமைப்பை முரணில்லாமல் ஆக்குவதே தவிர, நம்முடைய கோப்புகளைக் காப்பாற்றுவது அன்று. ஒரு பதிவைப் படிக்க முடியவில்லையென்றால் அதை நீக்கிவிட்டு மேலே போய்விடும். அந்த மாற்றத்தையும் அதே பழுதான தட்டின் மேலேயே எழுதும்.

அதன் விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இரவு முழுவதும் செக்டிஸ்க்கை ஓடவிட்ட பிறகு ஒருவர் கொண்டுவந்த மடிக்கணினியின் தட்டில், அவருடைய குடும்பப் படங்கள் இருந்த கோப்புறை காணாமல் போயிருந்தது. அதற்குப் பதிலாக ‘ஃபவுண்ட்.000’ என்ற மறைந்த கோப்புறை ஒன்று இருந்தது; அதற்குள் ‘ஃபைல்0000’, ‘ஃபைல்0001’ என்று எண்கள் நீண்டுகொண்டே போயின, எல்லாவற்றுக்கும் ‘சிஎச்கே’ என்ற பின்னொட்டு. பெயரும் இல்லை, தேதியும் இல்லை. திறந்து பார்த்தபோது சில படங்கள் முழுமையாக இருந்தன. சிலவற்றில் முகம் வரை தெரிந்து, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். முந்தைய நாளே தட்டை நகலெடுத்திருந்தால் அவற்றில் பெரும்பாலானவை பெயரோடு கிடைத்திருக்க வாய்ப்பு உண்டு.

எந்தக் கோளாறு என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. கணினி தொடங்கும்போது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் நிரலின் திரையில் தட்டின் பெயர் தெரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தெரிந்தால், யுஎஸ்பியிலிருந்து நேரடியாக இயங்கும் லினக்ஸ் ஒன்றைக் கொண்டு கணினியைத் தொடங்கி, தட்டு தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ‘ஸ்மார்ட்’ குறிப்புகளைப் படிக்கலாம். வன்தட்டுகளில் 5ஆம் எண் குறிப்பு, பழுதானதால் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்களையும், 197ஆம் எண் குறிப்பு படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்களையும் சொல்லும். 197இல் பூஜ்யத்துக்கு மேல் இருந்தாலே பழுதுபார்க்கும் எண்ணத்தை ஒத்திவைக்க வேண்டும். தகவல் பரிமாற்றப் பிழைகளை எண்ணும் 199ஆம் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால், பழுது பெரும்பாலும் இணைப்புக் கேபிளில்தான். கேபிளை மாற்றினாலே கணினி எழுந்துவிடக்கூடும். ஒட்டுமொத்த முடிவாக ‘தேர்ச்சி’ என்று காட்டுவதை மட்டும் யாரும் நம்பிவிட வேண்டாம். தயாரிப்பாளர் வைத்த எல்லையைத் தாண்டும்வரை அது தேர்ச்சி என்றே காட்டும். படிக்க முடியாத செக்டார்கள் இருக்கும்போதே அப்படிக் காட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தட்டில் பழுது என்று தெரிந்துவிட்டால், அதைவிடக் கொள்ளளவு கூடிய வேறொரு தட்டை இணைத்து முழு நகல் எடுக்க வேண்டும். இதற்குக் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலே போதும். எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை அது முதலில் எடுத்துக்கொள்கிறது. தொல்லை தரும் இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வருகிறது. எதைப் படித்தது, எது பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூலத் தட்டு எது, நகல் தட்டு எது என்பதை மட்டும் இருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இடம் மாறினால் வெற்றுத் தட்டு உண்மைத் தட்டின் மேல் எழுதப்பட்டுவிடும். நகல் கைக்கு வந்த பிறகு, செக்டிஸ்க்கை அந்த நகலின் மேல் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓடவிடலாம். தொடக்கக் கோப்புகளை மீண்டும் உருவாக்கும் பிசிடிபூட் போன்ற கட்டளைகளுக்கும் அதுவே நேரம்.

தட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் இதையும் செய்யக் கூடாது. உடனே மின்சாரத்தைத் துண்டித்து, தூசியற்ற அறை வசதியுள்ள மீட்பு நிலையத்திடம் ஒப்படைப்பதே சரி. உறைபெட்டியில் வைத்தால் சரியாகும் என்று இன்னமும் சிலர் சொல்லிவருகிறார்கள். உள்ளே ஈரம் படிந்து, மிச்சமிருக்கும் வாய்ப்பும் போய்விடும்.

காந்தத் தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி உள்ள கணினிகளில் மறு நிறுவலுக்கு அவசரப்படுவது இன்னும் ஆபத்தானது. பழைய வன்தட்டில் அழித்த கோப்பு, அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை அங்கேயே இருக்கும். எஸ்எஸ்டியிலோ, அழிக்கும்போதும் ஃபார்மட் செய்யும்போதும் ‘டிரிம்’ என்ற கட்டளை அந்த இடத்தை விடுவித்துவிடுவதால், பெரும்பாலும் எதையும் மீட்க முடிவதில்லை. விண்டோஸ் 11 உள்ள பல மடிக்கணினிகளில், உரிமையாளர் அறியாமலே தட்டு, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். 48 இலக்க பிட்லாக்கர் மீட்புச் சாவி இல்லாமல், எடுத்த நகலைக்கூடத் திறக்க முடியாது. பலருக்கு அது அவர்களுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கருவியிலிருந்து உள்நுழைந்து அதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாக் கோப்புகளுக்கும் வேறு இடத்தில் பிரதி வைத்திருப்பவருக்குத் தங்கள் பகுதியில் வந்த ஆலோசனை பொருந்தும். பழுதான தட்டை மாற்றிவிட்டு அவர் நேராக விண்டோஸை நிறுவிக்கொள்ளலாம். கேட்ட வாசகர் அப்படிப்பட்டவர்தானா என்று பதிலில் விசாரிக்கப்படவே இல்லை. ஆகவே, அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்றும், இனி இத்தகைய கேள்விகளுக்குப் பதில் எழுதும்போது, தட்டில் வேறெங்கும் பிரதி இல்லாத கோப்பு ஏதும் இருக்கிறதா என்ற கேள்வியை எந்தக் கட்டளைக்கும் முன்னால், முதல் வரியிலேயே வைக்க வேண்டும் என்றும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்